ஒரு கை பையில்

முதல் விதி:
ஒரு கையைப் பையில் வை.
மறுகை மட்டும் உள்ளே போகலாம்.
இரண்டும் போனால்
மின்சாரம் நெஞ்சுக்குள்ளால் வழி கேட்கும்.

விதியை எழுதினவருக்குக் காற்சட்டை இருந்திருக்கிறது.
என் வீட்டுச் சட்டைக்குப் பை இல்லை.
பழைய தலையணை உறையில் ஒரு துண்டு வெட்டி
இடப்பக்கம் தைத்தேன்.
பூப்போட்ட பை.
வகுப்புக்கு வெளியே நிறுத்திய பிள்ளைபோல்
அதற்குள் இடது கை சும்மா நிற்கும்.

பகலில் பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுக்கிறேன்.
அந்தக் குழாயும் ஒரு வால்வுதான்,
ஆட்களை மூச்சடக்க வைக்கிற வால்வு.
இரவில் குசினி மேசை.
கணக்குக் கொப்பியோடு மகள் ஒரு முனை,
ஈயக்கோலோடு நான் மறுமுனை,
நடுவில் பாண், சம்பல், மீற்றர்.

பாசையூர் றெஜினோல்ட் ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கினான்:
பாலம் கிளம்பிய கிற்றார் ஒன்று,
இருபது கிலோ அம்பிளிபயர் ஒன்று.
“காலமை போட்டனான் அக்கா, புகைஞ்சுது.
சனிக்கிழமை கலியாண வீடு.
எல்லாம் ஒறிஜினலா இருக்கோணும்.”

கிற்றாருக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது.
சுரண்டி, பசை வைத்து,
ஆஸ்பத்திரி கழித்துவிட்ட ஈய ஏப்பிரனை மடித்து மேலே ஏற்றினேன்.
அது படுத்துக் கிடக்கட்டும்.

மற்றதை நம்பக்கூடாது.
செருகியைப் பிடுங்கிய பிறகும்
காலையில் குடித்ததைக் கொள்ளளவிகள் விடாது.
தடையி ஒன்றைக் கவ்வவிட்டுப் பார்த்திருந்தேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு. நூற்றித் தொண்ணூறு.
எண்பத்தெட்டு. நாற்பது.
“அம்மா, நாப்பதை மூண்டால பிரிச்சா மிச்சம்?”
ஒன்று.
ஒன்பது. இரண்டு.
பிறகுதான் தொட்டேன்.

எரிந்தது, போன வருசம் கொழும்பில் போட்ட புதுக் கொள்ளளவி.
வயிறு வெடித்து, அழுகின மீனாய் மணந்தது.

அதை மாற்றும்போதுதான் கண்டேன்.
வால்வுகளுக்குச் சூடு போகும் கம்பியில்
இரண்டு தடையி நிற்கவேண்டிய இடத்தில்
ஒன்றுதான் தடையி.
மற்றது பென்சில்.
மரம் சீவிய வெறுங்கரி,
இரு முனையிலும் செப்புக்கம்பி சுற்றி,
நூல் கட்டி, வார்னிஷ் பூசி.

பற்றி வராத வருசங்களில் ஒன்றாய் இருக்கவேணும்.
பள்ளிப் பென்சில் மட்டும் எப்படியோ வந்திருக்கிறது.
ஈயப்பற்று படுமோசம். மங்கல், பொருக்கு.
ஆர் எவர் என்று தெரியாமலே திட்டினேன்.
மீற்றரை வைத்தால் நாற்பத்தாறு ஓம்.
வேண்டியது நாற்பத்தேழு.

எப்படி அளந்தார்கள்?
மீற்றருக்கும் பற்றி வேணுமே.

ஒறிஜினல் என்றானே;
கரியைக் கழற்றிப் புதுசு வைத்தேன்.
நாற்பத்தேழு, இம்மி பிசகாமல்.
வால்வுகள் மெல்லச் சிவந்தன.
இரைந்தது.
நுளம்புவலைக்கு வெளியே ஒரு நுளம்பு,
அவ்வளவுதான்.
ஆனால் இரைந்தது.

புதுசைப் பைக்குள் போட்டேன்.
கரி திரும்ப அதன் இடத்தில்.

மகள் தலை நிமிர்ந்தாள்.
“நிப்பாட்டிட்டீங்களோ?”
“இல்லை. ஓடுது.”

பக்கத்துத் தடையி எப்போதோ ஓர் ஓம் இறங்கியிருக்கிறது.
அதற்குச் சோடி இது.
ஜெனறேற்றர் சத்தத்துக்குள் குனிந்து
கரியைத் துளித் துளியாய் உரைஞ்சி
இரைச்சல் சாகும் இடத்தில் யாரோ நிறுத்தியிருக்கிறார்.
அளந்தது காதால்.
எந்தக் கை பையில் இருந்ததோ.

வெள்ளிக்கிழமை றெஜினோல்ட் உள்ளே எட்டிப் பார்த்தான்.
“இதென்னக்கா பென்சில்? மாத்தேல்லையோ?”
“அதுதான் ஒறிஜினல்.”
பில்லைப் படித்தான். கொள்ளளவி, பசை, கூலி.
கரிக்குக் காசு போடவில்லை.

வயரைச் செருகி ஒருமுறை தந்திகளை இழுத்தான்.
மேசையில் சில்வர் கோப்பை நகர்ந்து
கணக்குக் கொப்பியில் முட்டியது.
சிரித்தான்; இன்னொருமுறை இழுத்தான்.

என் இடது கை, பழக்கத்தில், பைக்குள்.
அங்கே அந்தப் புதுத் தடையி,
இம்மி பிசகாமல்,
வேலையில்லாமல்.